ஒப்பிகெயா, ஒப்புக்கா

மே மாதம், பருவத் தேர்வு வாரம்.

வெள்ளிக்கிழமை, மாலை. ஒப்பந்தச் சட்ட வினாத்தாள்கள் முத்திரையிட்ட கட்டாக அச்சகத்திலிருந்து வந்தன. தேர்வு அறையின் இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டப்பட்டன. சாவியைத் தேர்வுப் பொறுப்பாளர் ஸ்டெல்லா பெற்றுக்கொண்டார்.

சனிக்கிழமை, பிற்பகல். கனமழை. தேர்வு அறையின் கூரை ஒழுகியது. காவலாளி முனிரத்னம் காக்ஸ் டவுனுக்குச் சென்று ஸ்டெல்லாவை அழைத்துவந்தார். அலுவலகத் தொலைபேசியில் ஸ்டெல்லா ஒருவரோடு பேசினார். பிறகு பீரோ திறக்கப்பட்டது. கட்டு நூலகத்துக்கு மாற்றப்பட்டது. டீன் ஊரில் இல்லை.

திங்கட்கிழமை, காலை. தேர்வுக்குச் சற்று முன்பு, வாசலுக்கு எதிரே இருந்த டீக்கடையில், அன்றைய வினாக்கள் கையால் எழுதப்பட்ட தாள் ஒன்று கிடைத்தது. தேர்வு நிறுத்தப்பட்டது.

செவ்வாய்க்கிழமை. விசாரணைக் குழு அமைக்கப்பட்டது.

நண்பர்களே, நம் கல்லூரிக்குப் புதிதாக வந்திருக்கும் ஆசிரியர்களுக்காக ஒரு மலர் தயாராவதாகவும், முதல் டீன் என்ற முறையில் என்னுடைய ‘இனிய நினைவுகள்’ அதில் இடம்பெற வேண்டும் என்றும் எழுதியிருந்தீர்கள். ‘இனிய’ என்ற சொல்லைப் பார்த்ததும் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டேன். சாட்சி வாயைத் திறக்குமுன்பே அவர் என்ன சொல்ல வேண்டும் என்று தீர்மானித்துவிடும் சொல் அது. அதனால்தான் மேலே உள்ள குறிப்போடு தொடங்கினேன். அதில் பார்க்கப்பட்டவை மட்டும் உள்ளன. ‘கனமழை’யில் வரும் ‘கன’ ஒன்றுதான் என் கருத்து. அதையும் அடித்துவிடலாமா என்று இப்போதும் யோசிக்கிறேன்.

சாட்சியச் சட்டம் கற்பித்தவன் நான். சந்தேகம் என் பிழைப்பாக இருந்தது. அது என்னை விட்டுப் போகவில்லை என்பதை இதைப் படித்து முடிக்கும்போது நீங்களே உணர்வீர்கள்.

நான் திருநெல்வேலிக்காரன். சென்னையில் சில காலம் வழக்காடி, பிறகு கற்பிக்கப் போய், அங்கிருந்து கன்னடம் பேசும் இந்த ஊரில் ஒரு சட்டக் கல்லூரியைத் தொடங்கித்தருமாறு அழைக்கப்பட்டேன். அப்போது கல்லூரி என்றால் அல்சூர் ஏரிக்கு அருகே வாடகைக்கு எடுத்த ஒரு பழைய பங்களாவும், அதன் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட நான்கைந்து அறைகளும்தான். டீன் என்ற பதவியே பலருக்குப் புதிது. காக்ஸ் டவுனில் நான் குடியேறிய வீட்டின் உரிமையாளர் அம்மாள் வாடகை ரசீதில் என் பெயரை ‘மிஸ்டர் டீன்’ என்றே எழுதினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கதவைத் தட்டி, “மிஸ்டர் டீன், நீங்க எந்தப் பாரிஷ்? பூசைக்கு உங்களப் பாக்கவே முடியலையே?” என்று கேட்டார். அது என் பெயரல்ல, உத்தியோகம் என்று விளக்கினேன். அவர் நம்பவில்லை. ஞானஸ்நானப் பெயரை மறைக்கும் ஆள் என்ற சந்தேகத்தோடுதான் நான் வீட்டைக் காலிசெய்யும்வரை என்னைப் பார்த்தார். ஒரு சொல்லைத் தவறாகக் கேட்டால் ஒரு மனிதனையே வேறாகக் கட்டிவிடலாம் என்பதற்கு எனக்குக் கிடைத்த முதல் எச்சரிக்கை அது. சிரித்துவிட்டு மறந்துபோனேன்.

கல்லூரியில் என்னோடு முதல் ஆண்டிலேயே சேர்ந்தவர் சபேசன். அரசமைப்புச் சட்டம் கற்பித்தார். தம்மைக் கும்பகோணத்துக்காரர் என்று சொல்லிக்கொள்வார். கன்னடம் பற்றிப் பேச்சு வந்தால், “நமக்கு அது பஸ் ஏறி இறங்கற அளவுக்குத்தான் சார்” என்பார். நானும் அந்த அளவுதான் என்பதால் அது எங்களுக்குள் ஒரு உறவாகவே இருந்தது.

சபேசன் எப்படிப்பட்டவர் என்று காட்ட ஒரு நிகழ்ச்சி போதும். கல்லூரிக்கு அங்கீகாரம் தருவதற்காகப் பல்கலைக்கழகத்திலிருந்து ஆய்வாளர்கள் வர இருந்தார்கள். நூலக அலமாரிகளில் பாதி காலி. தெரிந்த வழக்கறிஞர்களிடம் ஒரு நாளைக்குப் புத்தகங்களைக் கேட்டு வாங்கி அடுக்கிவிடலாம் என்று அலுவலகத்தில் யோசனை சொன்னார்கள். சபேசன் மறுத்தார்.

“வேண்டாம் சார். காலியா இருக்கறத காலியாவே காட்டுங்க. ரொம்பி வழிஞ்சா ஒவ்வொண்ணா எடுத்து நம்ம சீல் இருக்கான்னு பாப்பான். காலியா இருந்தா, ‘ஐயோ பாவம், நேர்மையான ஆளுங்க’ன்னு எழுதிட்டுப் போவான்.”

அப்படியே நடந்தது. அடுத்தவர் கண் எங்கே போகும், எங்கே போகாது என்பது அவருக்கு முன்கூட்டியே தெரியும். அந்தத் திறமையை அன்று நான் வாய்விட்டுப் பாராட்டினேன்.

இனி அந்த மே மாதத்துக்கு வருகிறேன்.

ஸ்டெல்லா ஒப்பந்தச் சட்டம் கற்பித்த இளம் விரிவுரையாளர். பணி இன்னும் நிரந்தரமாகவில்லை. அந்த ஜூன் மாதம் துணை டீன் பதவி ஒன்று நிரந்தரப் பணியிடமாக உருவாக இருந்தது. அதற்குத் தகுதி பெற்ற விண்ணப்பதாரர்கள் இருவர்: ஸ்டெல்லா, சபேசன். வினாத்தாள் கசிவில் ஸ்டெல்லாவின் பெயர் அடிபட்டால் பதவி மட்டுமல்ல, வேலையே போகும். வேறு எந்தச் சட்டக் கல்லூரியும் அவரை உள்ளே விடாது.

எங்கள் விதி எளிமையானது. குறித்த நேரத்துக்கு வெளியே பீரோவைத் திறக்க டீனின் ஒப்புதல் வேண்டும். டீன் ஊரில் இல்லையென்றால் பல்கலைக்கழகத் தேர்வு அலுவலரின் ஒப்புதல். ஸ்டெல்லா அந்த அலுவலரைத் தொலைபேசியில் கேட்டதாகவும் அவர் சம்மதித்ததாகவும் சொன்னார். அலுவலரோ, விசாரணை என்ற சொல் காதில் விழுந்ததும் நினைவை முழுவதுமாக இழந்தார். “அன்னிக்கு எத்தனையோ போன் வந்துதுங்க” என்றார். எஞ்சிய சாட்சி தொலைபேசி அருகில் நின்றிருந்த முனிரத்னம் ஒருவர்தான்.

விசாரணைக்கு முந்தின மாலை ஸ்டெல்லா என் அறைக்கு வந்தார். உட்காரவில்லை.

“சார், நான் கேட்டேன். ‘ஆகட்டும், நனையாம எடுத்து வைங்க’ன்னார். இதுக்கு மேல நான் என்ன சொல்ல?”

“நாளைக்குச் சொல்லுங்கள். குழு முன்னால்.”

“ஒண்ணு மட்டும் கேக்கறேன். அழுதா நம்புவீங்களா, அழாம இருந்தா நம்புவீங்களா? எதுன்னு தெரிஞ்சா அப்படியே வந்து நிக்கறேன்.”

அவர் அழுதிருந்தால் நடிப்போ என்று யோசித்திருப்பேன். அழாமல் நின்றதால் கல்மனமோ என்று யோசித்துக்கொண்டிருந்தேன். இரண்டும் சாட்சியமாகாது என்று வகுப்பில் கற்பித்தவன் நான்தான்.

குழுவில் மூவர்: நான், சபேசன், வெளியிலிருந்து ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி ஒருவர். பதவிக்குப் போட்டியிடுகிறவர் குழுவில் இருக்கலாமா என்று நீங்கள் கேட்பீர்கள். அன்றும் கேட்கப்பட்டது. ஸ்டெல்லாவே எழுந்து, “சபேசன் சார் இருந்தா எனக்கு ஆட்சேபமில்லை” என்றார். அந்தப் பெருந்தன்மையை ஏற்றிருக்கக் கூடாது, ஏற்றோம். முதல் நாள் நீதிபதிக்கு உடல்நலமில்லை. பதிவைப் படித்துக்கொள்வதாகச் சொல்லியனுப்பினார். முனிரத்னம் தமிழில் சொல்வதைச் சபேசன் ஆங்கிலத்தில் பதிவுசெய்வது என்று ஏற்பாடு.

அன்றும் மழை. ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் அது கொட்டும் சத்தத்தில் எதிரே இருப்பவர் பேசுவதை உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். சபேசன் கேட்டார்:

“பீரோவைத் தெறக்கறதுக்கு முன்னாடி மேடம் யார்கிட்டயாவது அனுமதி கேட்டாங்களா?”

முனிரத்னம் சொன்னதை என் காதில் விழுந்தபடியே எழுதுகிறேன்: “ஒப்புக்குக் கேட்டாங்க சார். போன் போட்டுக் கேட்டாங்க.”

சபேசன் ஒரு கணம் பேனாவை நிறுத்தினார். பிறகு எழுதினார். எழுதியதைப் படித்துக் காட்டினார். தமிழில் சொன்னால் அந்த வாக்கியம் இது: ‘அனுமதி வெறும் சம்பிரதாயத்துக்காகவே கோரப்பட்டது.’ நான் தலையசைத்தேன். திறப்பது என்று முன்பே முடிவுசெய்துவிட்டு, பேருக்கு ஒரு போன் போட்ட பெண் அந்த வாக்கியத்தில் முழுதாக உருவாகிவிட்டார்.

வீட்டுக்குப் போன பிறகு அந்த வாக்கியம் என்னை உறுத்தியது. எனக்கு அவர்மீது இரக்கம் வந்ததால் அல்ல. வாக்கியம் மிகவும் வசதியாக இருந்தது. சாட்சி தாம் கண்டதையும் கேட்டதையும் சொல்லலாம். இன்னொருவர் மனத்துக்குள் இருந்ததைச் சொல்ல முடியாது. ‘சம்பிரதாயத்துக்காக’ என்பது மனத்துக்குள் இருப்பது. ஒரு போன் பேச்சின் ஒரு பக்கத்தை மட்டும் கேட்டவருக்கு அது எப்படித் தெரிந்தது? நண்பர்களே, பதிவில் ஒரு சொல் தன் தகுதிக்கு மேல் வேலைசெய்தால் அந்தச் சொல்லை மறுபடி கூண்டில் ஏற்றுங்கள். இந்தக் கட்டுரையில் நான் உறுதியாகச் சொல்லக்கூடிய பாடம் இது ஒன்றுதான்.

முனிரத்னத்தை மீண்டும் அழைக்க வேண்டும் என்று சபேசனிடம் சொன்னேன்.

“ரெண்டாம் தடவை கூப்ட்டா நாம சொல்லிக்குடுத்தோம்னு பேச்சு வரும் சார்.”

“வரட்டும்.”

மறுநாள் காலை அவர் என் அறைக்கு வந்து, “அப்படின்னா ஜட்ஜையும் நேர்ல வரச்சொல்லுங்க. காய்ச்சலா இருந்தாலும் சரி, நான் ஆட்டோ வெச்சுக் கூட்டிட்டு வரேன்” என்றார். கூட்டிவரவும் செய்தார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் விசாரணையின்போது மழை இல்லை. நீதிபதி கன்னடக்காரர், தமிழ் கேட்டால் புரியும். கழுத்தில் மஃப்ளரோடு உட்கார்ந்திருந்தார். நானே கேட்டேன்.

“முனிரத்னம், மேடம் ஒப்புக்குத்தான் கேட்டாங்கன்னு எப்படித் தெரிஞ்சுது?”

“அவங்க போன்ல பேசறப்போ பக்கத்துலதான சார் நின்னேன்.”

“அவங்க மனசுக்குள்ள வேற நெனப்பு இருந்துதுங்கறீங்களா?”

“மனசுக்குள்ள இருக்கறது எனக்கு எப்படி சார் தெரியும்? நான் வாட்ச்மேனா, ஜோசியனா? ஒப்பிகெ கேட்டாங்க, அந்தப் பக்கம் குடுத்தாங்க, தெறந்தோம். இதுல என்ன சார் இவ்ளோ?”

நீதிபதி மஃப்ளரைத் தளர்த்தினார். “ஒப்பிகெ அந்த்ரே ஒப்பிகெ. கன்சென்ட். ஸரியாகே ஹேளித்தானல்லா!” சரியாகத்தானே சொல்லியிருக்கிறார் என்று பொருள். பிறகு எங்களை மாறி மாறிப் பார்த்து, “நீவிப்பரூ லா ப்ரொஃபசர்ஸா?” என்று கேட்டார். நீங்கள் இரண்டு பேரும் சட்டப் பேராசிரியர்களா என்ற அந்தக் கேள்விக்கு வெட்கப்பட்ட அளவுக்கு நான் வேறு எந்த மொழியிலும் வெட்கப்பட்டதில்லை.

ஒப்பிகெ என்றால் கன்னடத்தில் ஒப்புதல். முனிரத்னம் அல்சூரில் பிறந்த தமிழர். அவர்கள் வீட்டில் பெண் பார்க்கப் போனாலும் ஒப்பிகெதான், கடன் கேட்டாலும் ஒப்பிகெதான். “எங்க பக்கம் எல்லாரும் இப்படித்தான் சார் சொல்லுவோம். நீங்கதான் ஊருக்குப் புதுசு” என்றார். ஒப்புதல் கேட்டார் என்ற வாக்குமூலம், எங்கள் காதுவழியே நுழைந்து, ஒப்புக்குக் கேட்டார் என்று வெளியே வந்திருந்தது.

எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவர் சபேசன். “கும்பகோணத்துக் காது சார். கழட்டிக் குடுத்துட்டு வேற வாங்கணும்” என்றார்.

முனிரத்னத்தின் வாக்குமூலம் தெளிவானதும் தேர்வு அலுவலருக்கு நினைவு திரும்பியது. ஆம், போன் வந்தது, சம்மதித்தேன் என்று எழுதிக்கொடுத்தார். ஸ்டெல்லா குற்றமற்றவர் என்று முடிவாயிற்று. வினாத்தாளை வெளியே விட்டது யார் என்பது கடைசிவரை தெரியவில்லை. எனக்கு மூன்று பேர்மீது சந்தேகம் இருந்தது. மூவர்மீதும் அது இன்றும் அப்படியே இருக்கிறது.

ஆனால் விசாரணைக்கு உள்ளானவர் என்ற பேச்சு ஓயவில்லை. ஜூன் மாதத்தில் ஸ்டெல்லா தாமாகவே விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றார். சபேசன் துணை டீன் ஆனார். நான்தான் பரிந்துரைத்தேன். அந்தப் பதவியில் அவர் எந்தக் குறையும் வைக்கவில்லை. நான் ஓய்வுபெறும்வரை என் வலக்கை அவர்தான்.

அந்தச் சொல் எங்களுக்குள் ஒரு வேடிக்கையாக நிலைத்துவிட்டது. ஆசிரியர் கூட்டத்தில் நான் எதற்காவது சரி என்றால், பக்கத்திலிருந்து மெல்லக் குனிந்து, “ஒப்பிகெயா, ஒப்புக்கா?” என்பார். என் மனைவி மறைந்தபோது துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லோரும் நான் தைரியமாக இருக்கிறேனா என்று கேட்டார்கள். இருக்கிறேன் என்று எல்லோருக்கும் சொன்னேன். அவர் மட்டும் கூட்டம் கலைந்த பின் அதே கேள்வியைக் கேட்டார். அன்று அவரிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன்.

இந்த ஆண்டு பிப்ரவரியில் அவரை மருத்துவமனையில் பார்த்தேன். சீக்கிரம் வீட்டுக்கு வந்துவிடுவீர்கள் என்றேன். ஆக்ஸிஜன் முகமூடியை விலக்கி, “ஒப்பிகெயா, ஒப்புக்கா?” என்றார். ஒப்பிகெ என்றேன். அது பொய். அந்த வார ஞாயிற்றுக்கிழமை அவர் இறந்தார்.

உடலை ஊருக்கு வெளியே உள்ள சந்தாபுராவுக்குக் கொண்டுபோனார்கள். ஓய்வுக்குப் பின் அவர் அங்கே வீடு வாங்கியிருப்பதாகத்தான் நினைத்திருந்தேன். வாசலில் அவருடைய அக்கா என்னை அடையாளம் கண்டுகொண்டு உள்ளே அழைத்துப்போய் ஒரு புகைப்படத்தைக் காட்டினார். கோப்பையைப் பிடித்துக்கொண்டு ஒரு பள்ளி மாணவன். பின்னால் கன்னடத்தில் எழுதிய பலகை.

“இங்கதான் சார் படிச்சான். பத்தாவது வரைக்கும் கன்னட மீடியம். பேச்சுப் போட்டின்னா தாலுகாவுலயே அவன்தான். தமிழ் வீட்டுப் பையன்னு சொன்னா வாத்தியாருங்களே நம்ப மாட்டாங்க.”

“கும்பகோணம் என்று சொல்லுவாரே?”

“அது தாத்தா ஊரு. ரெண்டு கல்யாணத்துக்குப் போயிருப்பான். எங்கப்பா இங்க ஹோட்டல் வெச்சிருந்தார். அத வெளிய சொல்லிக்க அவனுக்குப் பிடிக்காது.” கண்ணைத் துடைத்துக்கொண்டு, “உங்ககிட்டயாவது சொல்லியிருப்பான்னு நெனச்சேன்” என்றார்.

கூடத்தில் அவர் கிடத்தப்பட்டிருந்தார். அதற்கு மேல் அன்று நான் யாரிடமும் எதுவும் பேசியிருக்க வேண்டியதில்லை. ஆனால் ஸ்டெல்லா வந்தார். அவரும் ஓய்வுபெற்றுவிட்டார். வெள்ளைப் பூக்களை வைத்துவிட்டு என் அருகில் வந்து நின்றார்.

“அன்னிக்கு ஜட்ஜை நேர்ல வரவெச்சது சபேசன் சார்தான்னு ரொம்ப நாள் கழிச்சுத்தான் எனக்குத் தெரியும். ஒரு தேங்க்ஸ்கூடச் சொல்லல. அவர்தானே சார்?”

“ஆமாம். அவர்தான்” என்றேன். உண்மையைச் சொன்னேன். முழுமையாகச் சொன்னேன் என்று சொல்லவில்லை.

அன்றிலிருந்து இந்த வழக்கை என் மேசையில் வைத்து நடத்திக்கொண்டிருக்கிறேன். அவர் உண்மையிலேயே தவறாகக் கேட்டிருக்கலாம். கூரைச் சத்தம் அவருக்கும் பொதுதான். ஆனால் பேச்சுப் போட்டியில் வென்றவர் காதுக்கு அந்தச் சொல் தப்புமா? சரியாகவே கேட்டு, பதவிக்காகத் திரித்து எழுதியிருக்கலாம். பேனா ஒரு கணம் நின்றது. ஆனால் அப்படிப்பட்டவர் கன்னடக்கார நீதிபதியை ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்து எதிரே உட்காரவைப்பாரா? மூன்றாவதாக ஒன்றும் உண்டு. கன்னடம் தெரியாத கும்பகோணத்துக்காரராக வாழ்ந்தவர், கும்பகோணத்துக் காது எதைக் கேட்டிருக்குமோ அதையே எழுதியாக வேண்டியிருந்திருக்கலாம். எழுதிவிட்டு ஒரு இரவு தூங்காமல், தம்மைக் காட்டிக்கொள்ளாமலே அதைத் திருத்த வழி தேடியிருக்கலாம். அடுத்தவர் கண் எங்கே போகும் என்று அறிந்தவருக்கு அது கடினமல்ல.

மூன்றாவதை நம்பவே விரும்புகிறேன். விரும்புவதால் அதை மற்ற இரண்டையும்விட அதிகமாகச் சந்தேகிக்கிறேன்.

அவருடைய அக்கா அந்தப் படத்தை மலரில் போடச் சொல்லி என்னிடம் தந்திருக்கிறார். கட்டுரையோடு அனுப்புகிறேன். ‘இனிய’ என்ற சொல்லை நீங்களே நீக்கிவிடுங்கள்.

முடிக்காமல் இருப்பவை:

ஸ்டெல்லாவின் பணிக்கோப்பில் விசாரணையின் முதல் நாள் எழுதப்பட்ட அந்த வாக்கியம் இன்னும் அடிக்கப்படாமல் இருக்கிறது. அதன் அருகே திருத்தம் எழுதும் அதிகாரம் இப்போது உங்களுடையது.

மலர் அச்சுக்குப் போகுமுன் காக்ஸ் டவுனுக்குப் போய் ஸ்டெல்லாவிடம் இதையெல்லாம் என் வாயால் சொல்வது. இருமுறை அவர் தெரு முனைவரை போய்த் திரும்பியிருக்கிறேன்.

சபேசனின் அக்காவிடம் அவருடைய அப்பா நடத்திய ஹோட்டல் எந்த இடத்தில் இருந்தது என்று கேட்டு, அங்கே போய்ச் சற்று நின்றுவிட்டு வருவது.

சபேசன் என்னிடம் ஆயுள் முழுவதும் கேட்ட கேள்வியை ஒருமுறை நான் அவரிடம் கேட்பது.